எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு ராஜாவையே ஆட்டிவைக்கும் பலம் எங்கிருந்து வந்தது?

தக்கலைக்காரன்:

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. மந்திரசாலைக்கு (ராஜா ஆலோசனை நடத்திய கூடம்) வந்ததும் ஆளாளுக்கு மார்த்தாண்டவர்மாவைப் பற்றிக் கேட்பார்கள். குளச்சல் போர், டிலனாய், உதயகிரிக் கோட்டை எல்லாம் சொல்லிவிடுவேன். அதற்கு முந்தைய காலத்துக்குப் போனால்தான் மாட்டிக்கொள்கிறேன். எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குப் பயந்து இளவரசர் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிந்தார் என்கிறோம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் அம்மச்சிப் பிலாவைக் காட்டி, இந்தப் பலாமரப் பொந்தில்தான் ஒளிந்திருந்தார் என்கிறார்கள். நாளைக்குப் பட்டத்துக்கு வரப்போகிறவர் மரப்பொந்தில் ஒளிகிற அளவுக்கு அந்த எட்டு வீட்டுக்காரர்களிடம் அப்படி என்ன இருந்தது? படையா, பணமா?

பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் இரண்டு வரிதான்: அவர்கள் துரோகிகள், ராஜா ஒடுக்கினார். விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். தம்பிமார் விவகாரம் இதில் எங்கே வருகிறது என்றும் தெரிய வேண்டும்.

பழைய ஏடு:

நல்ல கேள்வி மக்கா. படையும் பணமும் இருந்தன. அவை எந்த வழியாக வந்தன என்று பார்த்தால் கோயிலில் போய் நிற்கும்.

முதலில் வீடுகளின் பெயரைச் சொல்லிவிடுகிறேன்: ராமனாமடம், மார்த்தாண்டமடம், குளத்தூர், கழக்கூட்டம், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், பள்ளிச்சல். இதில் பல ஊர்கள் இன்றைக்குத் திருவனந்தபுரம் நகரத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ இருப்பவைதான். கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் இருக்கிறது. செம்பழந்தி நாராயண குரு பிறந்த ஊர். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் பள்ளிச்சலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதாவது ராஜ்யத்தின் ஏதோ ஒரு கோடியில் கலகம் செய்த ஆட்கள் இல்லை அவர்கள். பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றி வளைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைய வேணாட்டில் (பிற்காலத் திருவிதாங்கூர்) ராஜாவின் கைக்கு நேரடியாக வந்த வருமானம் குறைவு. நல்ல வயல்களெல்லாம் கோயிலுக்குச் சொந்தம். அந்தக் கோயிலை நடத்தியது எட்டரை யோகம் என்ற சபை. யோகத்தில் எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு குரல், ராஜாவுக்கு அரைக் குரல். யோகக்காரர்களில் பெரும்பாலானவர்கள் போற்றிமார் என்ற பிராமணர்கள்: கூபக்கரைப் போற்றி, அத்தியறைப் போற்றி, இப்படி. பிள்ளைமாரும் யோகமும் ஒன்றுதான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. யோகம் கோயில் காரியத்தைத் தீர்மானித்தது. பிள்ளைமார் கோயில் நிலத்தில் பாட்டம், அதாவது குத்தகை நெல், பிரித்தார்கள்.

இதில் இரண்டாவதுதான் பெரிய அதிகாரம். ஒரு குடியானவன் கதிர் அறுத்துக் களத்தில் சூடு மிதித்து நெல்லைக் குவித்ததும் அங்கே வந்து நிற்பவன் ராஜாவின் ஆள் கிடையாது, பிள்ளையின் ஆள். பறையும் நாழியும் வைத்து அளப்பவன் அவன். இந்த வருஷம் மழை பொய்த்தது, பாட்டத்தைக் குறைத்துக்கொள் என்று கெஞ்ச வேண்டியதும் அவனிடம்தான். களரியில் பயின்ற நாயர் ஆட்கள் அந்தப் பிள்ளை வீட்டுச் சோற்றில் இருந்தார்கள். ராஜாவுக்கு நிரந்தரப் படை என்று ஒன்று இல்லாத காலம். சண்டை வந்தால் இவர்களிடமும் மற்ற மாடம்பிமாரிடமும் (பெரிய நிலக்காரர்கள்) ஆள் கேட்டு அனுப்ப வேண்டும். கேட்ட இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு சரி.

இன்னொன்றும் உண்டு. கோயிலுக்கு விரோதமாக ராஜா ஏதாவது செய்தால் கர்வக்கட்டு என்று ஒரு பிராயச்சித்தம் கட்ட வேண்டும். வேணாட்டு அரசர்கள் பணமும் நிலமும் கொடுத்துப் பிழை தீர்த்துக்கொண்டது மதிலகம் ஏடுகளில் (கோயிலின் பழைய ஓலைப் பதிவுகள்) பதிவாகி இருக்கிறது. இப்படி ஒரு நாட்டில் ராஜாவுக்கும் நாட்டின் பெரிய வீடுகளுக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்?

செங்கோட்டை சங்கர்:

அண்ணாச்சி, விவரமெல்லாம் அருமை. ஆனால் நீங்கள் சொல்கிற தொனியில் பிள்ளைமார் ஏதோ கோயில் அதிகாரிகள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். அவர்கள் செய்த கொலைகளை எங்கே வைப்பது? முன்னால் ஆண்ட ராஜா ஆதித்தியவர்மாவுக்கு விஷம் வைத்தது, உமையம்மை ராணியின் ஐந்து பிள்ளைகளைக் களிப்பான்குளத்தில் மூழ்கடித்தது, இதெல்லாம் யார் செய்தது?

எனக்கு இதில் ஒரு பக்கம்தான் நியாயமாகத் தெரிகிறது. 1729ல் பட்டத்துக்கு வந்த 23 வயது மனிதர் 1741ல் குளச்சலில் டச்சுக்காரனைத் தோற்கடித்தார். நடுவில் இருந்த பன்னிரண்டு வருஷத்தில் உள்வீட்டுப் பகையை ஒழிக்காமல் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? மலபார் முழுக்கக் குட்டி ராஜாக்களைக் கையில் போட்டுக்கொண்டு மிளகு வியாபாரம் செய்த டச்சுக் கம்பெனி, வேணாட்டையும் அப்படியே விழுங்கியிருக்கும். எட்டு வீட்டில் இரண்டு வீட்டை விலைக்கு வாங்கினால் போதுமே.

பழைய ஏடு:

சங்கர், ஐந்து பிள்ளைகள் கதையை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். ஆனால் அந்தக் காலத்துக் கோயில் ஏடுகளில் அதற்கு ஆதாரம் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்த கதை என்று ஏடுகளைப் படித்த வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜெயித்தவர் ஒரு குடும்பத்தையே வேரோடு பிடுங்கிய பிறகு, அந்தக் குடும்பம் அதற்குத் தகுந்த பாவம் செய்திருக்க வேண்டும் என்று ஊர் நம்ப ஆசைப்படும். அப்படித்தான் இந்த மாதிரிக் கதைகள் வளர்கின்றன என்பது என் எண்ணம்.

அதற்காகப் பிள்ளைமார் சாதுக்கள் என்று சொல்ல வரவில்லை. நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1721ல் அஞ்சுதெங்குக் கோட்டையின் ஆங்கிலேயத் தலைவன் ஆற்றிங்ஙல் ராணிக்குப் பரிசு கொண்டு போகிறேன் என்று சுமார் 140 பேரோடு கிளம்பினான். பிள்ளைமாரை விட்டுவிட்டு நேராக ராணியிடம் போய் உறவு வைத்துக்கொள்ளப் பார்த்தான். அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட மொத்தமாக வெட்டப்பட்டது. மிளகு விலையில் ஆங்கிலேயக் கம்பெனி செய்த அக்கிரமத்தால் ஊர்க்காரர்களுக்கும் கோபம் இருந்தது, பிள்ளைமாரின் கையும் இருந்தது. இதைச் செய்தவர்கள் துரோகிகளா, வெள்ளைக்காரனை முதலில் எதிர்த்தவர்களா? கேரளத்தில் இரண்டாவது விதமாகவும் கொண்டாடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து 1723ல் அதே கம்பெனியோடு வேணாடு ஒப்பந்தம் போட்டபோது அதற்குப் பின்னால் நின்றவர் இளவரசர் மார்த்தாண்டவர்மா. அந்த ஒப்பந்தத்தின் நோக்கமே உள்நாட்டு மாடம்பிமாரை அடக்கத் துணை தேடுவதுதான்.

அதனால் யார் யாரை விலைக்கு வாங்கினார்கள் என்ற கேள்வியை எட்டு வீட்டோடு மட்டும் நிறுத்த முடியாது.

வில்லடி ரசிகன்:

தம்பிமார் பற்றித் தக்கலைக்காரன் கேட்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகக் கேட்டு வளர்ந்த கதை அது. அதனால் நான் சொல்கிறேன்.

1724 முதல் 1729 வரை ஆண்டவர் ராமவர்மா. அவருடைய மகன்கள் பப்புத்தம்பியும் ராமன்தம்பியும். அரச குடும்பத்தில் மருமக்கள் வழி. ராஜாவின் மகன் ராஜா ஆக முடியாது, சகோதரியின் மகன்தான் ஆவார். ஆகவே ராமவர்மாவுக்குப் பிறகு பட்டம் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்கு வந்தது. மகன்கள் தகராறு செய்தார்கள். பிள்ளைமார் மகன்கள் பக்கம் நின்றார்கள்.

தம்பிமார் பேராசைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. 1891ல் வந்த மலையாள நாவல் பப்புத்தம்பியை முழு வில்லனாகவே ஆக்கிவிட்டது. ஆனால் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் அவர்கள் வில்லன்கள் கிடையாது. கதையில் ராஜா அவர்களுடைய தங்கையைப் பெண் கேட்கிறார். அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் தருவாயா என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். ராஜா மறுக்கிறார், பகை அங்கே முளைக்கிறது. இது அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். தெற்கே நம் சனம் இந்தச் சண்டையை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். தகப்பன் ஆண்ட நாட்டில் மகனுக்கு ஒன்றும் இல்லையா என்ற வேதனைதான் பாட்டு முழுக்க இருக்கிறது. புலவர் தம்பிமார் சாவைப் பாடும்போது கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நாகர்கோவில் அரண்மனையில் வைத்துத் தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள். 1730களின் தொடக்கம். பிள்ளைமார் மீது கை வைத்தது அதற்கு அப்புறம்தான்.

செங்கோட்டை சங்கர்:

> தகப்பன் ஆண்ட நாட்டில் மகனுக்கு ஒன்றும் இல்லையா என்ற வேதனை

இதில்தான் ஒரு சுவாரசியமான இடம் இருக்கிறது. மூத்த தம்பி நேரே திருச்சிக்குப் போய், அங்கிருந்த ஆட்சியாளர்களிடம், அப்பா பட்டம் எனக்கு வர வேண்டியது, மருமகன் பிடுங்கிக்கொண்டான் என்று முறையிட்டிருக்கிறார். தமிழ்நாட்டு முறைப்படி யோசிக்கிறவனுக்கு அது நியாயமாகத்தானே படும்? அங்கிருந்து அழகப்ப முதலியார் என்பவர் படையோடு வந்தார். மார்த்தாண்டவர்மாவின் ஆட்கள் அவரைச் சந்தித்து, இந்த நாட்டு வழக்கம் இது, மகனுக்கு இங்கே பாத்தியதை கிடையாது என்று ஏடுகளைக் காட்டி விளக்கினார்கள். கையில் கொஞ்சம் பணமும் கொடுத்ததாகத் திருவிதாங்கூர் வரலாற்றில் இருக்கிறது. முதலியார் தம்பியைக் கண்டித்துவிட்டுத் திரும்பிப் போனார். வந்த படையில் ஒரு பகுதியை ராஜாவுக்கே விட்டுவிட்டும் போனார்!

வில்லடி ரசிகன்:

ஆமாம். அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மருமக்கள் வழி என்றால் மலையாளத்தார் விஷயம் என்று மற்ற ஜில்லாக்காரர்கள் நினைக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் தமிழ் பேசுகிறவர்கள். எங்கள் குடும்பங்களிலும் மருமக்கள் வழிதான் இருந்தது. 1926ல் சட்டம் வந்த பிறகுதான் மகனுக்குப் பங்கு உறுதியானது. என் தாத்தா காலத்தில் மாமன் சொத்துக்கும் அப்பன் சொத்துக்கும் நடுவில் நடந்த வழக்குகளை வீட்டில் இன்றும் பேசுவார்கள். அப்பா கூடவே இருந்து வயலில் பாடுபட்ட பிள்ளையை, அப்பா இறந்த பதினாறாம் நாள் அத்தை மகன் வந்து இறங்கிப்போ என்று சொல்வான். தம்பிமார் பாட்டு இந்த மண்ணில் இருநூறு முந்நூறு வருஷம் நின்றதற்குக் காரணம் ராஜ பக்தியோ ராஜ துரோகமோ இல்லை. கேட்டவன் ஒவ்வொருவனுக்கும் தன் வீட்டுக் கதையாக அது இருந்தது.

பாறசாலை அம்பிகா:

இவ்வளவு நேரம் ஆண்களைப் பற்றியே போகிறது. ராஜ குடும்பத்தில் மருமக்கள் வழி என்றால் அதிகாரத்தின் வேர் பெண்களிடம். ஆற்றிங்ஙல் ராணி என்பவர் ராஜாவின் மனைவி அல்ல. ராஜாவின் அம்மாவோ சகோதரியோ அந்த இடத்தில் இருப்பார். அவர்களுக்குத் தனி நிலம், தனி நிர்வாகம். 1721ல் ஆங்கிலேயன் ராணியைத் தேடிப் போனதற்கும் அதுதான் காரணம். அவன் ஒப்பந்தம் செய்ய வேண்டிய ஆள் அவர்தான்.

ராஜாவின் மனைவிக்கு ராணிப் பட்டமே கிடையாது. அம்மச்சி என்பார்கள். அவர்களுக்குப் பிறந்த ஆண் பிள்ளைகள் தம்பி, பெண் பிள்ளைகள் தங்கச்சி. தம்பிமார் கலகத்துக்குப் பிறகு அரச குடும்பம் இந்த உறவை எப்படி ஒழுங்குபடுத்தியது என்று பாருங்கள். மார்த்தாண்டவர்மாவுக்கு அடுத்து 1758 முதல் 1798 வரை ஆண்ட தர்மராஜா கார்த்திகைத் திருநாள் நான்கு வீடுகளிலிருந்து பெண் எடுத்தார். அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள்! அந்த நான்கு அம்மவீடுகளுக்கு வெளியே ராஜா யாரை மணந்தாலும் அந்தப் பெண்ணை முதலில் இந்த வீடுகளில் ஒன்றில் தத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வழக்கம் வந்தது. பின்னால் வந்த ராஜா சுவாதித் திருநாளின் அம்மச்சி நாராயணிப் பிள்ளை திருவட்டாறு அம்மவீட்டார்.

பெரிய குடும்பங்களின் ஆசையை ராஜா அழிக்கவில்லை. அதற்கு ஒரு வாசல் திறந்து, அந்த வாசல் சிம்மாசனம் வரைக்கும் போகாதபடி பார்த்துக்கொண்டார்கள். வீடு கிடைக்கும், நிலம் கிடைக்கும், தம்பி என்ற மரியாதை கிடைக்கும். பட்டம் கிடைக்காது. இதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த அம்மச்சிமார்கள். ராஜாவுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தாலும் அரச குடும்பத்து ஆள் ஆக முடியாது. ராஜா இறந்த பிறகு அந்த வீட்டுக்குள்ளேயே மிச்ச வாழ்க்கை. கிழக்குக்கோட்டைப் பக்கம் நான் வேலைக்குப் போகும் வழியில் அம்மவீடுகளின் நீளமான மதில்களைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே இருந்தவர்களை நினைத்து மனசு கனத்துப் போகும்.

கடியபட்டணத்தான்:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைமாரைக் கொன்ற பிறகு அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் என்ன செய்தார்கள்? துறையேற்றினார்கள். கடற்கரைக்குக் கொண்டுவந்து மீன்பிடிக்கிறவர்களிடம் கொடுத்தார்கள். வீடுகளை இடித்து, அடித்தளத்தைத் தோண்டிக் குளமாக்கினார்கள். குளம் தோண்டினான் என்று இன்றைக்கும் அந்தப் பக்கம் சாபமாகச் சொல்கிறார்கள்.

இதை எழுதுகிற எல்லாரும் 'மிகக் கொடிய தண்டனை' என்று எழுதுகிறார்கள். எதைக் கொடுமை என்கிறார்கள்? குடும்பத்தை இழந்த பெண்ணைப் பலவந்தமாகக் கொண்டுபோனது கொடுமை. சந்தேகமே இல்லை, ராஜாவுக்கு எதிராகச் சதி செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் ஆண்கள், அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஆனால் எழுதுகிறவர்களின் வருத்தம் பெரும்பாலும் அங்கே இல்லை. உயர்ந்த வீட்டுப் பெண் எங்கள் குடிசைக்கு வந்துவிட்டாள் என்பதில் இருக்கிறது. எங்கள் துறையையே தண்டனையாக ஆக்கி வைத்தது ராஜாவின் உத்தரவு. முந்நூறு வருஷமாக அதே பார்வையோடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் படித்தவர்கள். எங்களுக்கு ஆள் வேண்டும் என்று யாரும் ராஜாவிடம் மனு கொடுக்கவில்லை. வந்த பெண்களுக்குச் சோறு போட்டு, அந்தக் குழந்தைகளை வளர்த்தது எங்கள் மூதாதையர். அதை ஒருத்தராவது எழுதியிருக்கிறார்களா?

பாறசாலை அம்பிகா:

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை தம்பி. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. தண்டனையிலும் சாதி எப்படி நுணுக்கமாக வேலை செய்தது என்பதற்கு இன்னொரு சான்றும் அதே சம்பவத்தில் இருக்கிறது. சதியில் போற்றிமாருக்கும் பங்கு என்றுதான் குற்றச்சாட்டு. அவர்கள் பிராமணர்கள் என்பதால் உயிரைத் தொடவில்லை. பிரஷ்டு செய்து, அதாவது சாதியிலிருந்து விலக்கி, நாட்டை விட்டு அனுப்பினார்கள். ஒரே குற்றத்துக்குப் போற்றிக்கு எல்லைக்கு வெளியே வழி, பிள்ளைக்குத் தூக்கு, பிள்ளையின் மனைவிக்குக் கடற்கரை.

தக்கலைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கடியபட்டணத்து அண்ணன் எழுதியதை இனி அரண்மனைக்கு வருகிறவர்களிடம் கட்டாயம் சொல்வேன்.

அண்ணாச்சி, ஒன்று மட்டும் புரியவில்லை. படைக்கே பிள்ளைமாரிடம் கையேந்த வேண்டிய ராஜாவால் அதே பிள்ளைமாரை எப்படிப் பிடிக்க முடிந்தது?

பழைய ஏடு:

வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தார் மக்கா. மதுரை நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுப் படை வாங்கியது மாமா ராமவர்மா காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மறவர் படை வந்தது. இவர்களுக்கு எந்தப் பிள்ளையின் களரியோடும் ஒட்டும் உறவும் கிடையாது, கூலி கொடுக்கிறவன் ராஜா. ஆட்சியை நடத்தவும் அப்படித்தான் ஆள் தேடினார். 1737 முதல் 1756 வரை தளவாயாக (ராஜாவின் முதன்மை அமைச்சர்) இருந்த ராமய்யன் ஏர்வாடியில் பிறந்த தமிழ்ப் பிராமணர். வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடி. குடும்பம் திருவட்டாறுப் பக்கம் வந்து குடியேறியது. பெரிய வீட்டுப் பின்புலம் எதுவும் இல்லாதவர். ராஜா தூக்கிவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட ஆளைத்தான் நம்ப முடியும் என்று ராஜா கணக்குப் போட்டிருக்கிறார்.

ஆனால் எனக்குப் பிடித்த ஆள் ராமய்யன் இல்லை. பள்ளியாடி மல்லன் சங்கரன். நம்ம பள்ளியாடிதான், ரயில் நிற்கிற ஊர். 1739ல் நாடு முழுக்க நிலத்தை வகை பிரித்து, எது கோயில் நிலம், எது பிராமணர் நிலம், எது சர்க்கார் நிலம், எதற்கு எவ்வளவு வரி என்று எழுதி வைத்தவர். அதற்குப் பிறகு குடியானவன் கையில் பட்டோலை, அதாவது வரி எழுதிய சீட்டு, இருந்தது. இந்த நிலத்துக்கு இவ்வளவுதான் என்று எழுத்தில் வந்துவிட்டால் களத்து மேட்டில் நிற்கிற ஆளுக்கு அப்புறம் என்ன அதிகாரம்? வருஷா வருஷம் வரவும் செலவும் முன்கூட்டியே எழுதும் பதிவுக்கணக்கும் இந்த ஆட்சியில்தான் வந்தது. அரண்மனைக்கு, கோயிலுக்கு, படைக்கு என்று தனித்தனியாக. நான் வருவாய்த் துறையில் இருந்தவன். கல்குளம் தாலுகாவின் பழைய அடங்கல்களைப் புரட்டும்போது பண்டாரவகை (சர்க்கார்), தேவஸ்வம் (கோயில்), பிரம்மஸ்வம் (பிராமணர்) என்று எழுதியிருப்பதைப் பார்ப்பேன். 1956 நவம்பர் 1ல் தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழைய பாகுபாடு காகிதத்தில் நீண்ட நாள் இருந்தது. வாளால் சாய்த்த வீடு இன்னொரு தலைமுறையில் எழுந்துவிடும். கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் எழுந்திருக்க இடம் ஏது?

கடைசியில் 1750 ஜனவரி 3. ராஜ்யம் முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒற்றைக்கல் மண்டபத்துப் படியில் உடைவாளை வைத்து எடுத்து, இனி நான் பத்மநாபதாசன் என்றார். திருப்படிதானம். அதைப் பக்தி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூடவே நடந்தது என்ன? அதுவரை ராஜாவின் பணம் வேறு, சுவாமியின் பணம் வேறு, சுவாமியின் பணத்தை வைத்து ராஜாவை மிரட்டலாம். 1750க்கு அப்புறம் ராஜாவை எதிர்க்கிறவன் சுவாமியை எதிர்க்கிறவன். யோகத்தில் அரைக் குரல் இருந்தவர் இப்போது சுவாமிக்காகப் பேசுகிறவர்.

செங்கோட்டை சங்கர்:

அண்ணாச்சி, பழைய வீடுகளை ஒழித்த இடத்தில் புது வீடுகளை அவரே வளர்த்தார் என்பதையும் எழுத வேண்டும். தனக்கு விசுவாசமாக இருந்தவர்களுக்குச் செண்பகராமன் பட்டம் கொடுத்தார். அந்தப் பட்டக்காரர்களின் வாரிசுகள் அடுத்த அறுபது வருஷத்துக்குச் சர்வாதிகாரியக்காரர்களாகவும் (உயர் அதிகாரிகள்) தளவாய்களாகவும் வந்தார்கள். 1765ல் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பியும் அந்த வரிசைதான்.

1799ல் பாலராமவர்மா சின்னப் பையனாகப் பட்டத்தில் இருந்தபோது ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணச் செட்டி, மாத்துத் தரகன் மூவரும் அரண்மனையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் பணம் கறந்தார்கள். வேலுத்தம்பியிடமும் கேட்டார்கள். மூன்று நாளில் கொண்டுவருகிறேன் என்று போனவர் நாஞ்சில் நாட்டு ஜனத்தைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போய்விட்டார். நம்பூதிரியை விரட்டினார்கள், மற்ற இரண்டு பேருக்கும் காதை அறுத்தார்கள். 1802ல் வேலுத்தம்பியே தளவாய். ராஜாவை மீறி அரண்மனையை வசப்படுத்துவதைத் துரோகம் என்றால் இதுவும் துரோகம்தான். இதை நாம் யாரும் அப்படிச் சொல்வதில்லையே. பிள்ளைமாரைப் பற்றி நான் முதலில் எழுதிய கருத்தில் உறுதியாகத்தான் இருக்கிறேன், ஆனால் இந்த இடம் என்னை உறுத்துகிறது.

கடியபட்டணத்தான்:

வேலுத்தம்பி வீடும் கடைசியில் என்ன ஆனது என்று அண்ணாச்சி சொல்லட்டும்.

பழைய ஏடு:

1809 ஜனவரி 11 குண்டறை விளம்பரம். ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராக ஜனங்களை எழச் சொன்னார். தோற்று, மண்ணடிக் கோயிலில் உயிரை விட்டார். உடலைக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தலக்குளத்து வீட்டைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள். உறவினர்களைக் கப்பலேற்றி மாலத்தீவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். எட்டுவீட்டாருக்கு நடந்து எண்பது வருஷம் கூட ஆகவில்லை. முறை கொஞ்சமும் மாறவில்லை: ஆளைத் தொங்கவிடு, வீட்டைத் தோண்டு, சனத்தைக் கடலுக்கு அனுப்பு. இதை நடத்திக் கொடுத்தது அடுத்து அதிகாரத்துக்கு வந்த உம்மிணித்தம்பியின் நிர்வாகம், பின்னால் நின்றது ரெசிடென்ட், அதாவது ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதி.

உம்மிணித்தம்பியும் நிலைக்கவில்லை. 1811ல் ராணி லட்சுமிபாய் அவரை நீக்கிவிட்டு ரெசிடென்ட் கர்னல் மன்றோவையே திவானாக்கினார். மன்றோ வந்ததும் கை வைத்தது எதில் தெரியுமா? நூற்றுக்கணக்கான பெரிய கோயில்களை அவற்றின் நிலத்தோடு சர்க்கார் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டார். கோயில் பாட்டம் பிரித்து அதிகாரம் செய்ய எந்த வீட்டுக்கும் அதற்குப் பிறகு வழி இல்லை. திவான் பதவிக்கு வந்தவர்களில் பலர் தஞ்சாவூரிலிருந்தும் வெளியிலிருந்தும் வந்த உத்தியோகஸ்தர்கள், சம்பளக்காரர்கள்.

வில்லடி ரசிகன்:

வில்லுப்பாட்டு கேட்க விரும்புகிறவர்கள் பங்குனி, சித்திரைக் கொடைக் காலத்தில் கல்குளம், அகஸ்தீஸ்வரம் பக்கம் வாருங்கள். எல்லாக் கோயிலிலும் தம்பிமார் கதை பாட மாட்டார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊரில் பாடுகிறார்கள் என்று தெரிந்தால் இங்கேயே போடுகிறேன். கடியபட்டணத்து அண்ணன், துறையேற்றம் பற்றி உங்கள் கடற்கரையில் பெரியவர்கள் சொல்லும் கதை ஏதாவது இருந்தால் அவர்கள் சொல்கிறபடியே பதிவு செய்து வையுங்கள். ஏடும் பாட்டும் மேட்டுப் பக்கம்தான் இருக்கின்றன, கரைப் பக்கத்துக் கதை எதிலும் ஏறவில்லை.

கடியபட்டணத்தான்:

என் அம்மாச்சிக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுதுகிறேன்.